சென்னைக் கல்லா பெரியதுதான். வீட்டுக் கணக்கைப் பார்த்தோமா?



சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக என் தம்பி குடும்பத்தோடு மதுரை வந்திருந்தான். வேளச்சேரியில் அவன் மளிகைக் கடை வைத்து முப்பது ஆண்டு ஆகிறது. நான் ஆரப்பாளையத்தில் எங்கள் அப்பா வைத்த கடையையே நடத்தி வருகிறேன். அன்றிரவு சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது என் மகன் மெதுவாக ஆரம்பித்தான். "அப்பா, சித்தப்பா கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடை தையில் காலியாகிறதாம். முந்நூறு சதுர அடி. மூன்று லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். நீங்கள் கொடுத்தால் நான் சென்னைக்குப் போய்விடுகிறேன்" என்றான்.

பையனுக்கு இருபத்தேழு வயது. எட்டு ஆண்டாக என்னோடு கடையில் நிற்கிறான். எடை போடுவதிலோ வாடிக்கையாளரிடம் பேசுவதிலோ அவனைக் குறை சொல்ல முடியாது. "ஏன், இந்தக் கடைக்கு என்ன?" என்று கேட்டேன். "சித்தப்பா கடையில் ஒரு நாள் விற்பது நமக்கு இரண்டு நாள் விற்பனை அப்பா" என்றான். தம்பி சிரித்துக்கொண்டே பேசாமல் இருந்தான்.

இந்தப் பேச்சு இன்று நம் சங்க உறுப்பினர்கள் பலர் வீட்டில் நடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். தென் மாவட்டத்திலிருந்து ரயிலேறிச் சென்னையில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். சென்னையில் மளிகைக் கடைக்கே 'அண்ணாச்சி கடை' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கணக்கு வேறு, இன்றைய கணக்கு வேறு. அன்று போனவர் கடையிலேயே மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தார். முதலாளி வீட்டில் சாப்பிட்டார். சம்பளம் முதலாளி கையிலேயே சேர்ந்து, பிறகு அதுவே தனிக் கடைக்கு முதலானது. வீட்டு வாடகை என்ற செலவே பல ஆண்டுகளுக்கு அவருக்கு இருந்ததில்லை. இன்று மனைவி மக்களோடு போகிறவர் முதல் மாதத்திலிருந்தே இரண்டு வாடகை கட்ட வேண்டும்.

"சென்னையில் விலைவாசி அதிகம்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சரக்கு விற்கிற நாமே இதைச் சொல்வதுதான் வேடிக்கை. சோப்பு, டீத்தூள், பிஸ்கட், பற்பசை எல்லாவற்றிலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்துத்தான் வருகிறது. வேளச்சேரியிலும் ஆரப்பாளையத்திலும் அது ஒன்றே. மின் கட்டண விகிதம் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்று. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகையும் இரு ஊருக்கும் பொது. சமையல் எரிவாயு சிலிண்டர் சென்னையை விட மதுரையில்தான் சில ரூபாய் கூடுதல். 1996-இல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிய சந்தைக்கு நாலா பக்கமிருந்தும் லாரி வருவதால், சில நாள் அங்கே காய்கறி நம் ஊரை விட மலிவாகவே இறங்குகிறது. பருப்பு, மல்லி, எண்ணெய் விஷயத்தில் விருதுநகர் பக்கத்தில் இருப்பதால் நமக்கு லாரி வாடகை கொஞ்சம் மிச்சம். கிலோவுக்கு என்று பிரித்துப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

ஆக, பொட்டலத்துக்குள் இருக்கும் பொருளில் வித்தியாசம் அதிகம் இல்லை. அதை எந்த இடத்தில் வைத்து விற்கிறோம், விற்றுவிட்டு எந்த இடத்தில் போய்ப் படுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஓட்டலில் இட்லி விலை ஊருக்கு ஊர் மாறுகிறதே, அரிசியும் உளுந்துமா மாறிவிட்டது? அந்த இட்லியில் கட்டடக்காரருக்குப் போகிற பங்குதான் மாறுகிறது.

மத்திய அரசும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் ஊழியர்களுக்கான வீட்டு வாடகைப் படிக்காக ஊர்களை மூன்று வகையாகப் பிரித்ததில் சென்னை முதல் வகை, மதுரை இரண்டாம் வகை. 2024 ஜனவரி முதல் சென்னையில் வேலை பார்ப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரையில் 20 சதவீதம். அதே வேலை, அதே சம்பளம், வாடகைக்கு மட்டும் கூடுதல் படி. நமக்கு அப்படி யார் கொடுப்பார்? நம் கமிஷன் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பிஸ்கட் கம்பெனிக்காரர், "அண்ணாச்சி, உங்களுக்குச் சென்னை வாடகை, அதனால் இரண்டு சதவீதம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இங்கே ஒரு தவறான கணக்கையும் சுட்டிக்காட்ட வேண்டும். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று மத்திய அரசு மாதாமாதம் வெளியிடுகிறது. சென்னைக்கும் மதுரைக்கும் தனித்தனி எண் உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, "எண் பெரியதாக உள்ள ஊரில் விலை அதிகம்" என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. இப்போதைய வரிசையில் 2016-ஆம் ஆண்டு விலையை அந்தந்த ஊருக்கு 100 என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்த ஊரில் எவ்வளவு ஏறியது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மதுரையின் எண் பெரியதாக இருந்தால் மதுரையில் ஏற்றம் அதிகம் என்று பொருளே தவிர, சென்னையை விட மதுரை செலவான ஊர் என்று பொருள் இல்லை. ஆகவே நம் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அன்றிரவே போட்டோம். தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் சொல்ல, மகன் நோட்டில் எழுதினான். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கித் தருகிறேன். தெருவுக்குத் தெரு இது மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

தம்பி கடையில் நாளொன்றுக்குச் சராசரி விற்பனை 35,000 ரூபாய், என் கடையில் 16,000 ரூபாய். புதுக் கடையிலும் தம்பி கடை அளவுக்கு முதல் நாளே விற்கும் என்று வைத்துக்கொண்டோம். முப்பது ஆண்டில் அவன் சேர்த்த வாடிக்கை இவனுக்கு ஒரே நாளில் வராது என்பது தெரிந்தும், பையன் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று அப்படியே எழுதச் சொன்னேன். நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம் என்று இரண்டுக்கும் பொதுவாக வைத்தால், மாதம் சென்னையில் 1,26,000, மதுரையில் 57,600.

இனிக் கடைச் செலவு. சென்னையில் காலியாகும் கடைக்கு வாடகை 27,000. இங்கே 9,000. அங்கே இரண்டு ஆள் இல்லாமல் ஓடாது, சம்பளம் 28,000. இப்போது நம் பக்கத்துப் பையன்கள் கடை வேலைக்கு வருவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற பிள்ளைகள்தான். அவர்கள் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும், அதற்கு 8,000. மின்சாரம் 5,500. இங்கே ஒரு ஆள், சம்பளம் 12,000. மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துவிடுவார். மின்சாரம் 3,500. எல்லாம் போகச் சென்னைக் கடையில் நிற்பது 57,500. மதுரைக் கடையில் நிற்பது 33,100.

"பார்த்தீர்களா, 24,400 கூடுதல்!" என்றான் மகன். நோட்டை மூடப் போனான். நான் விடவில்லை. நம்மில் பெரும்பாலோர் கணக்கை மூடுகிற இடம் இதுதான்.

அடுத்த பக்கத்தில் வீட்டுக் கணக்கு. கடைக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு படுக்கையறை வீடு அங்கே 20,000, இங்கே 8,000. நான் இருப்பது அப்பா கட்டிய வீடு. ஆனாலும் நியாயமாக இருக்கட்டும் என்று எனக்கும் வாடகை போட்டேன். படிக்கிற பிள்ளை இரண்டு பேர் வீட்டிலும் உண்டு. படிப்பு, பஸ், வேன் வகையில் அங்கே 4,000 கூடுதல். கேன் தண்ணீர், லாரித் தண்ணீர் வகையில் 1,300 கூடுதல். நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வந்து போகிற செலவை மாதத்துக்குப் பிரித்தால் 1,700 கூடுதல். கடைக்கும் வீட்டுக்கும் முடங்குகிற அட்வான்ஸ் இங்கே கொடுப்பதை விட மூன்றரை லட்சம் அதிகம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 3,500. எல்லாம் கூட்டினால் 22,500.

24,400-இல் 22,500 போனால் மீதி 1,900 ரூபாய்.

தம்பி இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பிறகு என் மனைவி கேட்டார், "நேரத்தை ஏன் எழுதவில்லை?" என்று. தம்பி காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் மூடுகிறான், இடைவெளி இல்லாமல் பதினாறரை மணி நேரம். நான் ஆறரைக்குத் திறந்து ஒன்றரைக்கு மூடி, நாலரைக்குத் திறந்து ஒன்பதரைக்கு மூடுகிறேன். பன்னிரண்டு மணி நேரம். நாளுக்கு நாலரை மணி என்றால் மாதம் 135 மணி. அந்த 1,900 ரூபாயை 135-ஆல் வகுத்தால் மணிக்கு 14 ரூபாய் வருகிறது. கடையில் மூட்டை இறக்க வருகிறவரிடம் இந்தக் கூலியைச் சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் அந்த வாசல் வழியாகத்தான் இன்றும் நடமாடுகிறது. இன்னொன்று, 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கட்டடக்காரருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கு, பதிவு பெற்ற வியாபாரியே 18 சதவீத வரி கட்ட வேண்டும் என்று வந்தது. இணக்க முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது இருக்கிறது. 27,000 வாடகைக்கு 4,860 ரூபாய். அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் சில்லறை அரிசி, பருப்பு போன்ற வரியில்லாச் சரக்கு விற்கிற விகிதத்துக்கு அது திரும்பாது. மளிகைக் கடையில் அந்த விகிதம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மேலே போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

பணத்தில் அடங்காத விஷயங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தம்பி கடையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நாற்பது மூட்டை போயிற்று. சர்க்கரை மூட்டை இருந்த இடத்தில் வெறும் சாக்குதான் கிடந்தது என்று சொல்லுவான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்தது. அந்த முறை முன்கூட்டியே பரண் கட்டி வைத்திருந்ததால் சேதம் குறைவு. இதற்கு நடுவில் 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்த கதையும் நமக்குத் தெரியும். ஒரே ஊரில் சரக்கைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்ற ஒரு செலவு, குடிக்கத் தண்ணீர் வாங்க ஒரு செலவு.

மதுரையை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் கோடையில் குழாய்த் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள்தான். 2024 அக்டோபரில் ஒரே மாலை மழையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மாசி வீதிகளில் சரக்கு வண்டி நுழைவதும் வெளியே வருவதும் எவ்வளவு பாடு என்று கீழமாசி வீதியில் கொள்முதல் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மொத்தக் கடைகள் எனக்கு மிதிவண்டி தூரம். தம்பி கோயம்பேடு போக ஏறக்குறைய 15 கிலோமீட்டர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்குக் கடை திறக்க முடியும்.

தம்பி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவன் இரண்டு சொன்னான். இரண்டுக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஒன்று, பற்று நோட்டு. "அண்ணே, உன் லாபத்தில் பாதி நோட்டில்தானே கிடக்கிறது? என் கடையில் போனைக் காட்டினால் அடுத்த நொடி பணம் வங்கியில் விழுகிறது" என்றான். உண்மைதான். என் நோட்டில் இன்றைக்கும் ஒன்றே கால் லட்சம் வெளியே நிற்கிறது. ஐந்தாம் தேதி சம்பளம் வந்தால் கொடுப்பவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதவர்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறார்கள். ஆனால் அந்த நோட்டு இருப்பதால்தான் பெரிய கடைகள் வந்த பிறகும் என் வாடிக்கை போகவில்லை என்று நான் நினைக்கிறேன். சென்னையில் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் கொடுக்கும் கம்பெனிகள் வந்த பிறகு, முன்பு மாதச் சிட்டை கொடுத்தவர்கள் இப்போது மறந்துபோன தேங்காய்க்கும் கொத்தமல்லிக்கும்தான் வருகிறார்கள் என்று தம்பியே ஒத்துக்கொண்டான். அந்தக் கம்பெனிகள் நம் தெருவுக்கு வராது என்று நான் சொல்லமாட்டேன். வரும்போது நோட்டில் பெயர் உள்ளவர் நம்மிடம் நிற்பாரா என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, பிள்ளைகள். தம்பி மகள் சென்னையிலேயே படித்து, அங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். இரவு வீட்டுச் சாப்பாடு, அம்மா பக்கத்தில் தூக்கம். என் பெரிய மகளும் அதே ஊரில்தான் வேலை பார்த்தாள், கல்யாணம் ஆகும் வரை நான்கு ஆண்டு விடுதியில். அந்த விடுதிக் கட்டணத்தையும் அவள் அம்மா தூங்காத இரவுகளையும் என் கணக்கில் எழுதவில்லை என்று தம்பி சொன்னபோது நான் வாயடைத்துப் போனேன். மதுரையில் வைத்தியத்துக்குக் குறைவில்லை, ராஜாஜி மருத்துவமனையும் அரவிந்தும் இருக்கிற ஊர். 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையும் இருக்கிறது. படித்த பிள்ளைக்குத் தகுந்த வேலை மட்டும் இன்னும் போதுமான அளவுக்கு இல்லை. மதுரையில் வாடகை மிச்சம் பிடித்து, அதைச் சென்னை விடுதிக்குக் கட்டுகிற குடும்பங்கள் நம் சங்கத்திலேயே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். நாற்பது வயதைத் தாண்டி, இங்கே ஓடுகிற கடையும் சொந்தக் கூரையும் உள்ளவர் விற்பனைத் தொகையைப் பார்த்து மட்டும் சென்னைக்குப் போக வேண்டாம். கல்யாணம் ஆகாத இளைஞர், கடைக்குப் பின்னாலேயே படுக்க இடம் கிடைத்தால், ஐந்து ஆண்டு போய் உழைத்துப் பார்க்கலாம். வீட்டு வாடகை 20,000 என்ற வரி அவர் கணக்கில் இல்லாத வரைக்கும் அந்த ஊர் லாபம்தான். பிள்ளைகள் கல்லூரி வயதில் உள்ளவர் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசட்டும். நாம் கடையிலேயே இருப்பதால் வீட்டுச் செலவில் பாதி நமக்குத் தெரிவதில்லை. அன்று நேரக் கணக்கைக் கேட்டது நானோ தம்பியோ அல்ல.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். எந்தத் தெருவில் சதுர அடிக்கு என்ன வாடகை, எத்தனை மாத அட்வான்ஸ், ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்று உறுப்பினர்களிடம் கேட்டு, ஊர்வாரியாக இந்த இதழிலேயே ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடலாம். துவரம் பருப்பு விலையை ஒவ்வொரு நாளும் விசாரிக்கிற நாம், பருப்பை விடப் பெரிய செலவான வாடகையை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறோம். சென்னைக் கிளை உறுப்பினர்களும் கைகொடுத்தால் இது முடியாத காரியமல்ல.

மகனுக்கு மூன்று லட்சத்தை இல்லை என்று சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சித்தப்பா கடையில் சம்பளம் வாங்காமல் நின்று பார், மழையையும் பார், தை பிறந்ததும் நீயே சொல் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்றிரவு எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுபோயிருக்கிறான். நேற்று போனில் பேசினான். எண்ணெய் டின்னில் என் கடையை விட அங்கே எட்டு ரூபாய் மலிவாக விழுகிறதாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். மணி பதினொன்று, இப்போதுதான் ஷட்டரை இழுத்தோம் என்றான்.